நரம்புக்கு நல்லது

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகையில் அவனுக்கு வேலை. அதனால் வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் குற்றவாளி அவன்தான். மனைவிக்குக் கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும், அவளுடைய அக்கா வந்து கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"உன் வீட்டுக்காரர் சட்டையோட சேத்து ஈயத்தையும் கொண்டாறார். அதைத் துவைச்சுத் துவைச்சே நீ நரம்பைத் தொலைச்சிட்ட."

கூட வேலை பார்த்த ஒருவனுக்கு ஈயம் ஏறி மணிக்கட்டு தொங்கிப்போய், சட்டைப் பட்டன்கூடப் போட முடியாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன் அவன். மனைவியோ தையல்காரி. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடிகூட வேண்டாம் என்று பீற்றிக்கொள்பவள். அந்தக் கை போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

அன்றிலிருந்து கொட்டகையிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். மருந்துக்கடைக்காரர் ஒரு டப்பா மாத்திரை எடுத்துக் கொடுத்தார்.

"வைட்டமின்தான். நரம்புக்கு நல்லது. தினம் ஒண்ணு போடச் சொல்லுங்க. கூடப் போனாலும் ஒண்ணும் பண்ணாது."

கொஞ்ச நாள் விழுங்கிப் பார்த்துவிட்டு அவள் டப்பாவைத் தள்ளிவிட்டாள். "இதைத் தின்னு என்னத்தைக் கண்டேன்? வாங்க, டாக்டரைப் பாக்கலாம்."

அதுதான் அவனுக்கு ஆகாத பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தத்தில் ஈயம் என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவள் அக்கா அவனைச் சும்மா விடுவாளா? இன்றைக்கு, நாளைக்கு என்று தட்டிக்கழித்தான். காலைக் காபி போடுவது அவன் வேலை. மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி அவளுடைய டம்ளரில் கலக்கிவிட்டான். மகா புத்திசாலி என்று நினைப்பு.

"காபி ஏன் இப்படிக் கசக்குது?"

"உனக்கு வாய் சரியில்ல. நல்லாத்தான் இருக்கு, குடி."

மரப்பு கையிலும் ஏறியது. அவன் மாத்திரையைக் கூட்டினான். அவள் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். மறுபடியும் கூட்டினான். கொட்டகை வேலையையே விட்டுவிட்டு ஒரு கிடங்கில் காவலுக்குச் சேர்ந்தான். ஒரு நாள் வெள்ளைத் துணியில் சிவப்புப் பொட்டுகளைப் பார்த்த பிறகுதான், ஊசி விரலில் ஏறியிருப்பது அவளுக்கே தெரிந்தது. மெஷின் மேல் கவிழ்ந்து அழுதாள். அவனும் கூட அழுதான். மறுநாள் காலையில் இன்னும் ஒரு மாத்திரையைச் சேர்த்து நசுக்கினான்.

கடைசியில் மூத்தவள்தான் தங்கையைத் தரதரவென்று இழுத்துப் போனாள். அவனும் பின்னாலேயே போனான். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"ஈயம் பயப்படற அளவுக்கு இல்ல."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூத்தவளை நிமிர்ந்துகூடப் பார்த்தான். அந்தச் சந்தோஷம் அடுத்த வார்த்தை வரைக்கும்தான் நிலைத்தது.

"முதல்ல மரத்துப்போனது பி டுவெல்வ் வைட்டமின் குறைவால இருந்திருக்கும். அப்பவே வந்திருந்தா ஊசியிலேயே சரியாகியிருக்கும். ஆனா பி சிக்ஸ் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. குறைஞ்சது ஒண்ணு, கூடினது வேற ஒண்ணு. இவ்வளவு ஏறினா அதுவே நரம்பைக் கெடுக்கும். எத்தனை மாத்திரை போடுறீங்க?"

"மாத்திரையா? அதை நான் விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுதே."

சொன்னவள் பாதியிலேயே நின்றாள். மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"காபியிலயா?"

"நரம்புக்கு நல்லதுன்னுதான்..."

"ஊசி ஏறினதே தெரியலன்னு அழுதேனே. அதுக்கு அப்புறமுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாத்திரையை நிறுத்தினால் கொஞ்சம் திரும்பும், முழுசாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தபோது தாங்கப்போன அவன் கையைத் தள்ளிவிட்டு, அவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் காபி போட்டான். பால், தூள், சர்க்கரை தவிர வேறொன்றும் கலக்கவில்லை. கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை.

"நீங்க முதல்ல குடிங்க."

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அவன் குடித்தான். கசக்கவில்லை. அது தொண்டையில் இறங்குகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மிச்சத்தையும் அவன் பக்கமே தள்ளிவிட்டு, தனக்கு வேறு போட்டுக்கொள்ளச் சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனாள்.

பால் பொங்கியது. அவள் பாத்திரத்தை வெறும் கையால் இறுகப் பிடித்துத் தூக்கினாள்.

"ஐயோ, சுடும்!" என்று கத்திக்கொண்டே அவன் ஓடினான். பாத்திரத்தைக் கீழே வைக்காமல், எதற்கு இந்தக் கத்தல் என்று அவள் அவனைப் பார்த்தாள்.