பித்தளையார் சுவை பார்த்த கதை

மலைக்கு உயரம் அழகு, கடலுக்கு ஆழம் அழகு, மாந்தர்க்கு மானமே அழகு என்றும், உயிரே போயினும் பிறர்முன் கை நீட்டாமையே குடிப்பிறந்தார்க்கு அணி என்றும் சான்றோர் பலர், வயிறு நிறைந்த வேளைகளில், பலகாலும் கூறியிருக்கின்றனர். வயிறு காய்ந்த வேளையிலும் அதைக் கூறியவர் நாமறிந்த வரையில் ஒருவரே. அவர் எரிந்துபோன நெசவாலை ஒன்றின் வாயிற்காவலர். பித்தளைப் பொத்தான்கள் கழுத்து முதல் இடுப்பு வரை மின்னும் சட்டையை உறங்கும்போதன்றிக் கழற்றாதவராதலின், ஆலைத் தெருவார் அவரை முகத்துக்கு நேரே ‘வாயிலார்’ என்றும், முதுகு திரும்பியதும் ‘பித்தளையார்’ என்றும் வழங்கினர்.

கற்றறிந்த பெருந்தகையீர்! அத்தெருவின் காலைப்பொழுதைச் சற்றே காண்மின். செம்பை உருக்கி வார்த்தாற்போல் கீழ்வானம் சிவக்க, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து உறங்கும் உடன்பிறந்தார்போல் ஒட்டி நின்ற சிறு வீடுகளின் ஓடுகள்மேல் இளவெயில் படர, முன்னெல்லாம் கருமுகில் போலப் புகை கக்கிய ஆலைக்குழாய் இப்போது வாய் திறந்தும் சொல் இழந்த பேச்சாளன்போல் வெறுவானை நோக்கி நின்றது. தீ ஒரே மாலையில் தறிகளையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. அன்று தொட்டு அத்தெருவில் எவர்க்கும் வேலையில்லை. வேலையில்லாத இடத்தில் பசி மட்டும் விடுப்பின்றி வேலை பார்ப்பது உலக இயற்கை.

எனினும் அத்தெருவார் கைகட்டி அமர்ந்தாரல்லர். அக்கம்பக்கத்துத் தெருக்களில் அரிசியும் பருப்பும் வேண்டிப் பெற்று, தீ விட்டுவைத்த கொட்டகை ஒன்றில் பொது அடுப்பு மூட்டி, வீட்டுக்கு இத்தனை தலை என எண்ணிச் சோறு அளித்துவந்தனர். எல்லாரும் சென்றனர். பித்தளையார் மட்டும் செல்லவில்லை. செல்லாததோடு அமையாது, பாலுக்கு அழும் பெண்மகவை மடியில் ஏந்தியிருந்த தம் மனைவியும் செல்லலாகாது என ஆணையிட்டார்.

“ஒரு ஆலைக்கே கதவைத் திறந்து விட்டவன் நான். என் வீட்டிலேருந்து ஏனம் தூக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன நினைப்பாங்க?” என்றார்.

“நாலு பேரும் அங்க வரிசையிலதான் நிக்கிறாங்க. அவங்களுக்கு நினைக்க ஏதுங்க நேரம்?” என்றாள் மனைவி.

பித்தளையார் சாம்பலைக் கொண்டு பொத்தான்களைத் துலக்கலானார். சாம்பலுக்கு அத்தெருவில் அப்போது குறைவில்லை. துலக்கியபின், சுவரும் கூரையுமற்று வெறுமனே நின்ற ஆலைவாயிலுக்குச் சென்று, எவரும் புக விரும்பாத கரிமேட்டை எவரும் புகாதவாறு மாலைவரை காத்தார். வீட்டிலோ தானியப் பானையின் அடி தெரிந்தது. பின் அதுவும் துடைத்தாற்போல் ஆயிற்று. தாய்க்கு உணவு குறையவே பாலும் குறைந்தது. குழந்தையின் அழுகை, முதல்நாள் முரசுபோல் இருந்தது, நாளடைவில் எண்ணெய் இல்லாக் கதவின் முனகல்போல் மெலிந்தது. அதைக் கேட்டவள் அடுத்த வீட்டுத் தையற்காரி.

தையற்காரி தன் சிறுமகளோடு தனித்து வாழ்பவள். துணியின் சுருக்கத்தைக் கிழிக்காமல் நீவத் தெரிந்தவள். சோறு கொடுத்தால் வாங்கார், கருத்துக் கேட்டால் மறுக்கார் என அம்மனிதரை அளந்துவிட்டாள். மாலையில், வெங்காயம் வதக்கி மேலே தூவிய சோற்றுக் கிண்ணம் ஒன்றை, வழக்கு மன்றத்துக்குச் சான்று கொணர்வாள்போல் அடக்கத்தோடு ஏந்தி வந்து நின்றாள்.

“அண்ணே, புதுசா ஒண்ணு செஞ்சு பார்த்தேன். நல்லாருக்கான்னு எனக்கே தெரியலை. முதலாளி வீட்டு விருந்தெல்லாம் உங்க கண்ணு முன்னாடிதானே உள்ள போகும். ருசி தெரிஞ்ச மனுசன் இந்தத் தெருவில வேற யாரு?”

விருந்துகள் அவர் கண்முன் உள்ளே சென்றது உண்மை. அவர் நாவுவரை வந்ததில்லை. ஆயினும் மணத்தை நுகர்ந்தே சுவையை அறியும் அரும்புலமை தமக்குண்டு என அவர் நெடுங்காலமாய் நம்பிவந்தார். “சரி, ஒரு வாய் வைங்க” என்றார்.

“ஒரு வாய்ல என்னண்ணே தீர்ப்பு சொல்ல முடியும்? அண்ணியும் சாப்பிடட்டும். ரெண்டு பேரும் கலந்து பேசிச் சொல்லுங்க.”

இவ்வாறு நாள்தோறும் வழக்கு வந்தது. நாள்தோறும் தீர்ப்பும் சென்றது. உப்புச் சற்றே குறை என்றார். வெங்காயம் கருகிவிட்டது என்றார். நேற்றையதிற்கு இன்று முன்னேற்றம் தெரிகிறது எனத் தட்டிக்கொடுத்தார். தம் அறிவுரை இல்லையேல் அவ்வேழைப்பெண் சமையல் கற்பது அரிது என மனைவியிடம் இரங்கிக் கூறினார். மனைவி குனிந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அவள் நகைத்ததும் அழுததும் அக்குனிவிலேயே ஒருங்கு மறைந்தன.

ஒருநாள் கிண்ணம் வரச் சற்றுத் தாழ்ந்தது. மாணவியின் சோர்வைக் கடியும் ஆசான்போல் பித்தளையார் தாமே எழுந்து அடுத்த வீட்டுப் பின்கட்டுக்குச் சென்றார். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே, பொது அடுப்பின் ஏனத்திலிருந்து தையற்காரி அவருடைய கிண்ணத்துக்குச் சோற்றை மாற்றிக்கொண்டிருந்தாள். ஏனத்தில் எஞ்சியது ஒருகை அளவே.

“அம்மா, இன்னைக்கும் பித்தளை மாமாவுக்கேவா?” என்றாள் சிறுமகள். “அவரு சாப்பிட்டுட்டு நொட்டைதானே சொல்றாரு!”

“சொல்லிட்டுப் போறாரு, விடு. அந்த வீட்டில பால் குடிக்கிற பிள்ளை இருக்கில்ல? நீ தண்ணியைக் குடிச்சிட்டுப் படு கண்ணு.”

பித்தளையார் நின்றார். எரிந்த ஆலையின் கரிமேட்டை நாளெல்லாம் நோக்கியும் கலங்காத கண்கள், ஒரு கிண்ணச் சோற்றை நோக்கிக் கலங்கின. எதைத் தாம் வாங்கலாகாது என்று தெருவறியச் சூளுரைத்தாரோ, அதையே தாம் இத்தனை நாளும் உண்டதோடு, ஒரு குழந்தையின் பங்கையும் சேர்த்து உண்டு, அதற்கு உப்புப் போதாது என்றும் கூறிவந்தார் என்பது, தறியில் இழை ஏறுவதுபோல் மெல்ல மெல்ல அவர் நெஞ்சில் ஏறியது.

அவரைக் கண்ட தையற்காரி பதறி, “என்னண்ணே, இன்னும் வெங்காயமே போடலை, அதுக்குள்ள தீர்ப்பா?” என்றாள். அந்நேரத்திலும் அவர் மானத்தைக் காக்கவே அவள் நா விரைந்தது.

நூல்களில் வரும் பெருமக்கள் இத்தகைய வேளையில் கூறும் அரியதோர் உரையை அவர் தேடினார். கிட்டவில்லை. “பிள்ளைக்குப் போடும்மா,” என்று மட்டும் கூறித் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து, “உனக்குத் தெரியுமா?” என்றார் மனைவியிடம்.

“தெரு முழுக்கத் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லலை. சொன்னா நீங்களும் சாப்பிட மாட்டீங்க, என்னையும் சாப்பிட விட மாட்டீங்க. அப்புறம் இவ கதி?” என்று குழந்தையைக் காட்டினாள் அவள்.

பித்தளையார் வீட்டிலிருந்த ஏனங்களுள் பெரியதை எடுத்தார். சட்டையைக் கழற்ற எண்ணி மேற்பொத்தானை அவிழ்த்தார். பின் நினைந்து அதை மீண்டும் பூட்டினார். மானம் ஒரே நாளில் விடை பெறுவதன்று. கொட்டகையில் வரிசை நீண்டிருந்தது. அவரைக் கண்டதும் சிலர் வழிவிட்டனர். அவர் கடைக்கோடியில் சென்று நின்றார். அகப்பையோடு நின்ற உலைக்காரர், ஆலைக் கொதிகலனுக்கு நெருப்பூட்டிவந்த பழைய தோழர், அவர் முறை வந்ததும் புருவம் உயர்த்தினார்.

“என்ன வாயிலாரே, எங்க சமையலுக்கும் மார்க் போட வந்தீங்களா?”

வரிசை நகைக்கக் காத்திருந்தது.

“இல்லப்பா. பசிக்குது.”

எவரும் நகைக்கவில்லை. உலைக்காரர் அகப்பையை அடிவரை விட்டு முகந்தார். “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்தத் தங்கச்சிக்கு வெங்காயமாவது மிஞ்சியிருக்கும்” என்றார். அப்போதுதான் எல்லாரும் நகைத்தனர், பித்தளையாரும் நகைத்தார். அன்றிரவு தையற்காரியின் மகள் தன் பங்கு முழுவதையும் தானே உண்டாள். அடுத்த வீட்டுக் குழந்தை வயிறார உண்ட தாயின் பாலை அருந்தி, ஒருமுறையும் விழிக்காது உறங்கியது.

ஈதல் பெரிது என்பர்; பெரிதே. ஈவார் நெஞ்சு நோகாமல், இல்லை எனும் சொல்லை மறைக்காமல், நேர்நின்று ஏற்பதும் அதனினும் சிறிதன்று. கொடுக்கும் கையும் கொள்ளும் கையும் ஒரு துணியின் பாவும் ஊடும் ஆவன. ஒன்று நாணி ஒதுங்கினால் மற்றது வெறும் நூல். மறுநாள் முதல் பித்தளையார் அக்கொட்டகை வாயிலில் நின்று, முதியோரையும் கைக்குழந்தை ஏந்தியோரையும் முன்னே விடுத்து வரிசையைச் செவ்வனே காத்து, எல்லார்க்கும் பின்னரே தம் ஏனத்தை நீட்டினார்.

அவ்வாறு காவல் நின்ற முதல் நாள் மட்டும் அவர் இருமுறை வாங்கினார். இரண்டாம் முறை, தாம் இன்னும் வாங்கவில்லை என்று சொன்னார்; மானத்தைப்போலவே பழம்பசியும் ஒரே நாளில் விடை பெறுவதன்று.