பேர் எடுக்காத வீடு

சாயங்காலமானால் பரஞ்சோதி வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

"அவன் வந்தானா?"

"வருவான், வருவான். வாயைத் திறங்க" என்று நவமணி கஞ்சியை ஊட்டுவாள்.

அந்த வீட்டில் 'அவன்' என்றால் ஒருவன்தான், அவர்களுடைய ஒரே மகன் சத்தியசீலன். அகத்தாவைச் சர்ச்சில் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, பரஞ்சோதி செம்பனைக் குலை வெட்டுகிற கம்பை வாசலில் வீசிவிட்டு, "இனிமே இவன் பேரை யாரும் இந்த வீட்டுல எடுக்கக் கூடாது" என்றார். ஆறு வருஷமாக யாரும் எடுக்கவில்லை. அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்காம், அவன் லாரி ஓட்டப் போயிட்டானாம் என்றுதான் பேச்சு. பக்கத்து வீட்டுத் தேவகிகூட அப்படியே பழகிக்கொண்டாள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

பக்கவாதத்தில் போன பேச்சு பாதி திரும்பியபோது பரஞ்சோதி முதலில் கேட்டது அவனைத்தான். நவமணிக்கு அழுகை வந்தது. பிறகு அதற்கும் நேரமில்லாமல் போயிற்று. காலையில் கையுறைத் தொழிற்சாலை. வீட்டுக்கு வந்தால் இந்த உடம்பைத் தூக்க வேண்டும், புரட்ட வேண்டும், பெம்பர்ஸ் மாற்ற வேண்டும். இடுப்பு விட்டுப்போன ஒரு நாளில் மகனுக்குப் போன் போட்டாள்.

"உன்னைத்தான்டா கேக்குறாரு. தெனமும்."

"பேரைச் சொல்லியா கேக்குறாரு?"

"பேரைச் சொல்லாட்டி என்னடா? அவன் அவன்னு உசுர விடுறாரு. அவன்னா யாரு?"

"சூத்தி கேட்டுப் பாக்குறேன்மா. லீவு குடுத்தா வர்றேன்."

லீவு கிடைத்து, பண்டார் பாருவிலிருந்து சத்தியசீலன் தனியாகத்தான் வந்தான். "மொதல்ல நீங்க போய்ப் பாருங்க. என்னையப் பாத்து மனுசன் இன்னொரு வாட்டி விழுந்துரப் போறாரு" என்று அகத்தா சொல்லியிருந்தாள்.

கேட்டருகே தேவகி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வந்துட்டியாடா மகராசா! அப்பன் எலும்பா கெடக்குறாரு, நீ நல்லா ஊதித்தான் இருக்க."

"பொண்டாட்டி சமையல்லா, அக்கா" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பைக் கழற்றினான். வழியெல்லாம் ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தான். துரத்தியவர் கேட்கிறார், தினமும் கேட்கிறார்.

கட்டிலில் பரஞ்சோதி ஒருக்களித்துக் கிடந்தார். அவனை வெகுநேரம் பார்த்தார். கோணிய வாய் அசைந்தது.

"சீலா."

நவமணியின் கையில் கரண்டி நின்றது.

"எப்ப வந்த? சாப்டியா?" என்றார், பள்ளி விட்டு வந்த பிள்ளையைக் கேட்கிற மாதிரி. சத்தியசீலன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய செத்த கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கண் அவன் தோளைத் தாண்டி வாசலுக்குப் போயிற்று.

"சீலா, அவன் வந்தானா?"

"யாருப்பா?"

"அவன்தான்டா. மோட்டார் சத்தத்தையே காணோம். டீ குடிக்கப் போவணும்ல."

நவமணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். காளிதாசன். செம்பனைக் காட்டில் இவரோடு ஜோடியாகக் குலை வெட்டியவன். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடிப்பான். இரண்டு பேரும் பாடாங் செராய் கடைக்குப் போவார்கள். அவன் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாடைக்குத் தோள் கொடுத்தவர் இவர். காளிதாசன் பேரை இவர் வீட்டில் சொன்னதே கிடையாது. 'அவன் சொன்னான்', 'அவன் வரட்டும்', அவ்வளவுதான். அப்போதெல்லாம் அவளுக்கு அது புரிந்துதானிருந்தது. காளிதாசனும் போன பிறகு அவளுக்கு அந்தச் சொல்லில் மகன் மட்டுமே மிஞ்சினான்.

அடுப்படியில் சத்தியசீலன் கேட்டான்.

"அப்ப என்னையக் கேக்கல."

"இல்ல போலிருக்கு. காளிதாசனத்தான்."

"என் பேரைச் சொன்னாரேம்மா."

"சொன்னாரு." நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிட்டாருன்னு நெனைச்சுக்காதடா. கோவிச்சுக்கிட்டது மறந்து போச்சு, அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். கார்ச் சாவியைப் பையிலிருந்து எடுத்தான். கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அம்மாவின் கால் நடுங்குவதைப் பார்த்தான். சாவியை அரிசி டின் மேல் வைத்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

"அவன் வந்தானா?"

"வருவான்பா" என்றான் சத்தியசீலன். "வாயைத் திறங்க."

அவர் திறந்தார். நவமணி அடுப்படிச் சிமெண்டுத் தரையில், பாய்கூட விரிக்காமல், முதுகை நீட்டிப் படுத்தாள்.