ஓட்டைக்குப் போட்ட முக்காடு

கர்னல் என்பது கணினியின் அடிமடி. அதிலேயே திருடன் கைவைக்க ஓர் ஓட்டை இருந்தால் உடனே அடைப்போம். அடைத்ததை மட்டும் உடனே ஊருக்குச் சொல்ல மாட்டோம்; சொன்னால் எல்லா ஊரிலும் அடைபடுவதற்குள் திருடன் முந்திக்கொள்வான். திருத்தங்கள் போவது எல்லோரும் பார்க்கும் பொது மின்னஞ்சல் குழுவுக்கு. அதனால் "சின்னத் துப்புரவு" என்று முக்காடு போட்டு அனுப்புவது எங்கள் வழக்கம்.

புர்னோ நகர அலுவலகத்திலிருந்து நானும் வோய்தாவும் அப்படித்தான் ஒன்றை அனுப்பினோம். ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் குறித்த நாள் செவ்வாய்க்கிழமை; அன்று ரகசியம் வெளியாகிவிடும். அதற்குள் திருத்தம் ஏறாவிட்டால் ஊர்ப்பட்ட சர்வர்கள் கதவைத் திறந்துபோட்டபடி கிடக்கும்.

ஏற்க வேண்டியவர் போஹுமில். கர்னல் நிரலில் அந்தப் பகுதிக்கு அவர்தான் காவல். ஆனால் அவரிடம் நாங்கள் மூச்சு விடவில்லை. "ஓட்டையை மறைப்பது அயோக்கியத்தனம்" என்று முன்பொருமுறை எல்லாவற்றையும் பொதுக் குழுவில் போட்டு உடைத்த மனுஷன் அவர்.

போஹுமிலிடமிருந்து ஊரறியப் பதில் வந்தது: "காரணமில்லாத குப்பை. துப்புரவு ஆசை இருந்தால் உங்கள் வீட்டுச் சமையலறையில் காட்டுங்கள்."

"கிழவன் காரியத்தைக் கெடுத்துட்டானே ராட்கா!" என்றான் வோய்தா.

"உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொல்லேன். சாயங்காலத்துக்குள்ள பிரேசில் வரைக்கும் நாறிடும்."

எனக்குக் குறும்பு தலைக்கேறியது. அசிங்கமான நிரலைக் கண்டால் போஹுமிலுக்குக் கை சும்மா இருக்காது. தானே திருத்தி எழுதி எங்கள் மானத்தை வாங்குவார். அதே திருத்தத்தைக் கோணல்மாணலாக, என் பூனைகளின் பெயர்களையெல்லாம் உள்ளே நுழைத்து, மறுபடி அனுப்பினேன்.

"இதை எழுதின கைக்கு விலங்கு மாட்டணும். இப்படித்தான் எழுதணும், பார்த்துக்கோ!" என்று தானே எழுதிச் சேர்த்துவிட்டார். வோய்தா மேசையில் தாளம் போட்டான். மதியம் எனக்குப் பொரித்த பாலாடைக்கட்டி வாங்கிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை ரகசியம் வெளியானதும் போஹுமில் போன் செய்தார்.

"ஏம்மா, பூனைப் பேரெல்லாம் எனக்காகவே வச்சதா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"வருஷக்கணக்கா யாரும் எட்டிப் பார்க்காத மூலையை திடீர்னு வந்து கூட்டினா, எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"நீங்க அடைச்சது வாசலை. கொல்லைப்பக்கம் திறந்தே கிடந்துச்சு. அடைச்சதை மறைக்கிறதுதான் எனக்கு ஆகாது; அடைக்காததை ஊரைக் கூட்டியா சொல்ல முடியும்? கிழவன் கத்துறான்னு நினைச்சா எவனும் உள்ளே பார்க்க மாட்டான்."

அவர் எழுதியதை அவசரமாகத் திறந்து பார்த்தேன். இரண்டும் அடைபட்டிருந்தன. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"நீ சொன்னியா?" என்றார்.