சேராத போன்

கூடுவாஞ்சேரியில் மாடி வீட்டில் குடியிருந்த பார்த்தசாரதி, மென்பொருள் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். அவனுடைய வைஃபைக்குப் பாஸ்வேர்டு கிடையாது. சாயங்காலமானால் கீழ்வீட்டு ஹெலன் ஒன்றரை வயது மகளோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மலேசியாவில் வேலை பார்க்கும் புருஷன் ஏசுதாஸ் போனில் மகளுக்கு முகம் காட்டுவான். கீழே வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. பாதிக் குடும்பம் அந்தப் படியில்தான் நடந்தது.

ஒருநாள் ஆபீஸ் உத்தரவு வந்தது. பாதுகாப்பில்லாத வைஃபையில் வேலை பார்க்கக்கூடாதாம். பார்த்தசாரதி ரவுட்டர் செட்டிங்கைத் திறந்தான். பூட்டு வகையாகப் பழைய டபிள்யூபிஏ-2, பழசும் புதுசும் கலந்தது, புதிய டபிள்யூபிஏ-3 மட்டும் என்று மூன்று காட்டியது. எதிலும் உசத்தியானதுதான் வேண்டும் அவனுக்கு; சாதாரணத் தலைவலிக்கே ஸ்பெஷலிஸ்ட்டைத் தேடிப் போகிற ஆள். கடைசியைத் தொட்டான். பழைய போன்கள் சேராமல் போகலாம் என்று எச்சரிக்கை வந்தது. நம்மிடம் எல்லாம் புதுசுதானே என்று சரி கொடுத்தான்.

அன்றைக்கே படிக்கு வந்த ஹெலனுக்குப் பாஸ்வேர்டைச் சொன்னான். அவள் போனில் தட்டத் தொடங்கினாள். சேர்ந்ததா என்று நின்று பார்க்க அவனுக்குப் பொறுமையில்லை. மீட்டிங் இருந்தது.

அதன்பிறகு அவள் படிக்கு வரவில்லை. அவன் கவனிக்காமல் இல்லை. ஆனால் மீட்டிங் நடுவே குழந்தைச் சத்தம் கேட்காதது சௌகரியமாக இருந்தது. சௌகரியத்தை யார் போய்க் கிளறுவார்கள்? எதிரே வந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் விட்டுவிட்டான்.

சில மாதம் கழித்து, சதுரங்கப்பட்டினத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட அவள் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாமலே கெளம்புறீங்களே?" என்றான்.

"இன்னா சார் சொல்லணும்? குடுக்க இஷ்டமில்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிக்கலாம். தப்பா ஒண்ணச் சொல்லி உட்டுட்டீங்க. எத்தினி வாட்டி போட்டும் சேரல. திரும்ப வந்து கேக்க வெக்கமா இருந்துச்சி. ரோட்டுல போய் நின்னா நெட்டு சுத்திகினே கீது, கொரலு மட்டுந்தான். பாப்பா மூஞ்சிய அவரு பாக்கவேயில்ல."

"இல்லம்மா, நான் சரியாத்தான்..." என்றவன் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தான். ரப்பர் பேண்ட் போட்டு மூடிய பழைய போன். அன்றைய எச்சரிக்கை ஞாபகம் வந்தது. மாடிக்கு ஓடினான், பழசும் புதுசும் கலந்ததை வைத்துவிட்டு இறங்கி வந்தான். அவள் போனை வாங்கிப் படியோரம் நின்று அதே பாஸ்வேர்டைப் போட்டான். உடனே சேர்ந்தது. அன்றைக்கு ஒரு நிமிஷம் நின்றிருந்தால் போதுமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"போடுங்கம்மா, இப்பவே" என்று கெஞ்சினான்.

ஏசுதாஸ் ஹெல்மெட்டும் தூசியுமாகத் திரையில் வந்தான். "தங்கம், இங்க பாரு. யாரு வந்துகீறது?"

குழந்தை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் திரையை எட்டிப் பார்த்தது.

"மாமா" என்றது.

ஏசுதாஸ் சிரித்துக்கொண்டே, "அப்பாம்மா, அப்பா" என்று சொல்லிக்கொடுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி சொன்னான். பார்த்தசாரதி வண்டியில் ஏதோ பையை ஏற்றுகிறவன்போலத் திரும்பி நின்றுகொண்டான்.