நார்மல் ஸ்லைடு

அக்காவின் ஸ்லைடு மறுபடியும் பழுப்பாகத்தான் வந்தது. வந்த எரிச்சலில் மைக்ராஸ்கோப்பின் மண்டையில் ஒரு தட்டு தட்டினேன். பழைய ரேடியோவா அது, தட்டினால் சரியாக?

விஷயம் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறோம். செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்க உடம்பிலேயே சில மரபணுக்கள் உண்டு. வண்டிக்கு பிரேக் மாதிரி. ஒரு வைரஸ் உள்ளே புகுந்து பிரேக் வயரை அறுத்துவிட்டால், செல் பதறிப்போய் பிரேக்கை இன்னும் இன்னும் மிதிக்கும். வண்டி மட்டும் நிற்காது. அந்த வீண் மிதியெல்லாம் ஒரு புரதமாகச் செல்லுக்குள் குவிந்துவிடும். சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். நல்ல செல்லுக்கு அப்படி மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஸ்லைடு நீலமாக இருக்கும்.

நோய் செல்லின் பழுப்பைக் காட்ட, பக்கத்தில் ஒரு நல்ல செல் நீலமாக நிற்க வேண்டும். கன்ட்ரோல் என்போம். அதற்குத்தான் அக்காவைப் பிடித்தேன்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். டாக்டர் என்றாலே காத தூரம் ஓடுகிறவள். கருப்பைவாய்ப் பரிசோதனையைச் செய்துகொள் என்று நான் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் அசையவில்லை. "உன்ன மாதிரி குண்டுக்கல்லாட்டம் இருக்குற ஆளுதான்கா வேணும்" என்று ஐஸ் வைத்ததும் கிளம்பி வந்துவிட்டாள். பக்கத்துக் கட்டடத்து டாக்டரம்மா ஆராய்ச்சிக்கென்று சாம்பிள் எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் அவள் ராஜ்ஜியம்தான். "நான் சயின்ஸே ஒத்துக்கிட்ட நார்மல். என்கிட்ட வச்சுக்காதீங்க" என்று மாமாவை மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் பழுப்பாக வந்தபோது, சாயத்தை அதிக நேரம் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்து, சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். அப்புறம் சாயம் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன்.

"கன்ட்ரோல் சொதப்புதுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற ஆளப் பாரு" என்றார் புரொபசர்.

எங்கள் கூட்டத்துக்கே உள்ள கோளாறு இது. நோய் என்று எழுதிய ஸ்லைடைத் துருவித் துருவிப் பார்ப்போம். நார்மல் என்று எழுதியதை எழுதியபடியே நம்பிவிடுவோம். அது ஏறுமாறாக வந்தால் பழி சாயத்தின் மேல்தான் விழும்.

எனக்குத் தூக்கிப் போடக் கை வரவில்லை. டாக்டரம்மாவிடம் போய் என் சாம்பிளையும் எடுக்கச் சொன்னேன். ஒரே ஸ்லைடில் இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் நான். ஒரே சாயம், ஒரே கழுவல். சாயம் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் பழுப்பாகும்.

சாயம் ஏறும்வரை இருப்புக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தேன். என்னுடையதும் பழுப்பாகட்டும், கடவுளே, என்று வேண்டிக்கொண்டேன்.

"ஏன்டி இப்படி கால்ல வெந்நீர் ஊத்துன மாதிரி அலையுற? உட்காரு" என்றாள் அடுத்த மேஜைத் தோழி.

"உட்கார முடியலடி."

ஸ்லைடை வைத்துக் குனிந்தேன். முதலில் வலப்பக்கம். நீலம். ஒரு பொட்டுப் பழுப்புகூட இல்லை. தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்து யாராவது இப்படி ஓவென்று அழுதிருப்பார்களா? தோழி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் நகர்த்தினேன். பழுப்பு. செல்களின் உட்கருவெல்லாம் பெருத்து, கோணல்மாணலாக இருந்தது. முந்தைய ஸ்லைடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். நிறத்தோடு மல்லுக்கட்டியதில் நான் உருவத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா ஸ்லைடை நிதானமாகப் பார்த்தார். "இதை மட்டும் வச்சு கேன்சர்னு சொல்ல முடியாது. ஆரம்ப மாற்றமா இருந்தா அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டா சரியாயிடும். ஆனா சதை எடுத்துப் பார்த்தே ஆகணும். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க."

வராந்தாவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுடி, பாடம் எடுத்துட்டிருக்கேன். ஏம்மா, ஸ்டியரிங்க அப்படி இறுக்காத, அது எங்கயும் ஓடிப்போயிடாது. ம், சொல்லு. என் ஸ்லைடு வந்துடுச்சா? நீலம்தானே?"

எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. "அக்கா, ஓடுற வண்டில பிரேக் பிடிக்கலன்னா என்ன பண்ணுவ?"

"ஏன், நீயும் லைசென்ஸ் எடுக்கப் போறியா? கியரைக் குறைப்பேன். ஓரம் கட்டுவேன். மெக்கானிக்கக் கூப்பிடுவேன். தெரிஞ்சவன் பொழச்சுக்குவான்டி. பிரேக் போனது தெரியாம ஓட்டுறான் பாரு, அவனை நினைச்சாத்தான் பயம்."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"ஏய், என்னடி? லைன்ல இருக்கியா?"

"ஓரம் கட்டுக்கா" என்றேன். "நான் வரேன். ரெண்டு பேரும் டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கலாம்."

அக்கா பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், "பதறாம ஓரமா நிறுத்தும்மா" என்றாள். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.