சிவப்புப் புள்ளி

அரசு ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கு அவள் பொறுப்பு. இடுப்பில் சாவிக்கொத்து தொங்காத நாளே இல்லை என்பதால் எல்லாருக்கும் அவள் பூட்டக்கா. ஒரு பஞ்சுச் சுருள்கூட அவள் கண்ணுக்குத் தப்பி வெளியே போகாது.

அந்த வருஷம் வலி மாத்திரைக்கு அடிமையானவர்கள் மூச்சு நின்று வந்து விழுந்தபடி இருந்தார்கள். அவர்களை எழுப்பும் மாற்று ஊசியோ யானை விலை. ஒருவனை எழுப்புகிற காசில் பத்துக் குழந்தைகளின் காய்ச்சலைத் தீர்க்கலாமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பெரிய டாக்டரிடம் தானே போய் ஒரு வழி சொன்னாள். ஊசி வாங்கியவரின் ஆஸ்பத்திரி அட்டை எண்ணுக்கு நேரே பதிவேட்டில் சிவப்புப் புள்ளி. அதே எண் அந்த மாதம் மறுபடி வந்தால் பெரிய டாக்டர் கையெழுத்தில்லாமல் ஊசி கிடையாது. கொள்முதலையும் பாதியாக்கினாள். பாராட்டுக் கடிதம் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினாள்.

அவளுக்கு ஒரு தம்பி. மூட்டை தூக்கி முதுகு ஒடிந்து, இதே ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டவன். வலியில் அவன் துடித்தபோது, பத்து நாளுக்கு எழுதிய வலி மாத்திரையை நாற்பது நாளுக்கு எடுத்துக் கொடுத்தது இவள்தான். "அதெல்லாம் விட்டுட்டேன்க்கா" என்று சத்தியம் செய்திருந்தான். நம்பினாள். நம்பாமல் எப்படித் தூங்குவது?

பதினொரு மணிக்கு வார்டு ஆயா ஜன்னலில் சீட்டை நீட்டினாள்.

"அக்கா, மூணு ஊசி. சீக்கிரம்! ஆள் நீலம் பாரிச்சுக் கெடக்கான்."

சீட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதிவேட்டில் இறங்கிய விரல் சிவப்புப் புள்ளியில் நின்றது.

"கையெழுத்து வாங்கிட்டு வா."

"பெரிய டாக்டர் மீட்டிங்ல இருக்காரு."

"கதவைத் தட்டு. போன வாரம்தான் எழுப்பி அனுப்பினோம், அதுக்குள்ள வந்துட்டான். இதென்ன மாமியார் வீடா?"

"உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஆளில்லக்கா!" முனகிக்கொண்டே ஆயா ஓடினாள்.

மூன்று ஊசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். அலமாரியில் இருந்ததே அவ்வளவுதான். அடுத்த பெட்டி திங்கட்கிழமை. சும்மா இருந்த கண் சீட்டுக்குப் போனது. கடைசி நான்கு இலக்கங்கள் உறுத்தின. கணவரின் சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் அவள் கைப்பட எழுதும் எண் அது.

போனை எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். ஏன்?"

"உங்க ஆஸ்பத்திரி அட்டை எங்க?"

"உன் தம்பி போன வாரமே காய்ச்சல்னு வாங்கிட்டுப் போனான். அவன் அட்டையைக் காட்டினா நீ வேற மாதிரி நெனைப்பியாம்..."

கையெழுத்தாவது மண்ணாவது! ஊசிகளை வாரிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கிடங்கைப் பூட்டாமல் வார்டுக்கு ஓடினாள்.

தம்பியேதான். உதடு கறுத்துக் கிடந்தது. வார்டு டாக்டர் மூன்றையும் ஏற்றினார். நெஞ்சு மெல்ல எழும்பியது. அவள் சுவரில் சாய்ந்தாள்.

"அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்கம்மா. இது முக்கால் மணி நேரம்தான் தாங்கும். உள்ள போன மாத்திரை அதுக்கு மேலயும் நிக்கும். இன்னும் மூணு கொண்டு வாங்க."

"இல்ல சார்."

"கிடங்குல பாருங்க."

"கிடங்குலதான் இல்ல."

டாக்டர் வார்டைச் சுற்றிப் பார்த்தார். மூச்சு இயந்திரங்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே நோயாளிகள் இருந்தார்கள். வாயில் வைத்து மூச்சுக் கொடுக்கும் காற்றுப் பையை அவள் கையில் கொடுத்தார். "வேற ஆஸ்பத்திரிகள்ல கேட்டுப் பாக்குறேன். மூச்சு கொறைஞ்சா அஞ்சு எண்ணி ஒருதரம் அழுத்துங்க. நிறுத்திடாதீங்க."

அரை மணியிலேயே நெஞ்சு அடங்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு...

ஆயா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"அக்கா, இங்கயா இருக்க? வாங்கிட்டேன்! மூணுக்கும் கையெழுத்துப் போட்டுட்டாரு!"

அவள் திரும்பவில்லை. நான்கு, ஐந்து. அழுத்தினாள்.