கோயில் வாசல் ஓடர்

கடல் கடந்து பிளேஸ்டோவில் குடியேறிய தமிழரில் பிலோமினம்மா பொரித்து விற்கிற ரோல்ஸைத் தின்னாத ஆள் இல்லை. ஆனால் சனம் ஓடர் கொடுக்கிற அழகு இருக்கிறதே! ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் றொசானா பிலோமினம்மாவின் கையைப் பிடித்துச் சொல்லுவாள். பதிந்தாவோ இல்லையோ என்ற பயத்தில் அவள் புருஷன் நிரூபன், பிலோமினம்மாவின் கணவர் செபமாலைமுத்துவுக்குப் போன் எடுப்பான். இரண்டு பேரும் "ஓம், ஓம்" என்பார்கள். ஒரே விருந்துக்கு இரண்டு தரம் எண்ணெய் கொதிக்கும். அந்த அமளியில் வேறு யாருடைய ஓடரோ விடுபட்டுப்போகும்.

பிலோமினம்மாவின் தம்பி மனைவி பெனிற்றா வங்கியில் கணினி வேலை பார்ப்பவள். விடுவாளா? ஆளுக்கொரு டப்லெட் கொடுத்து, ஓடர்களைப் பதிய ஒரு செயலி எழுதினாள். நடந்தது என்ன? பழைய கூத்து இப்போது பளபளக்கும் திரையில் நடந்தது, அவ்வளவுதான். றொசானா பெயரில் ஒன்று, நிரூபன் பெயரில் ஒன்று.

"உன்ர கொம்பியூட்டரும் எங்களைப் போலத்தான் பெனிற்றா. ஆர் கேட்டாலும் ஓமெண்டுது," என்றார் பிலோமினம்மா.

பெனிற்றாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே! செயலியை எழுதினாளே தவிர, வேலை நடக்கிற விதத்தை அவள் தொடவேயில்லை.

அவளுக்கு அவசரமும் இருந்தது. ஜூனில் மகள் ஜெஸ்ரின் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விழா. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்திய பிலோமினம்மாதான் ஞானத்தாய். ஆனால் விருந்து ஓடர்கள் குவிகிற முதல் நன்மை ஞாயிறுகளில் அந்த மனுஷி அடுப்படியை விட்டு அசைந்ததே கிடையாது. "மாமி வருவாவோ?" என்று பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமைகளில் சமையல்கூடத்தில் ஒரு மூலையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள் பெனிற்றா. பிறகு சொன்னாள்:

"இனி ஓடர் எடுக்கிறது செபமாலைமுத்து அத்தான் மட்டும். எடுத்த கையோட, பதிஞ்சிட்டம் எண்டு அவரே திருப்பிப் போன் பண்ணோணும். குரலைக் கேட்டாச் சனம் ரெண்டாந்தரம் சொல்லாது."

"கோயில்ச் சனத்தை முகத்துக்கு நேர எப்பிடியடி ஏலாதெண்டுறது?"

"ஏலாதெண்டாதேங்கோ மச்சாள். அத்தானிட்டச் சொல்லுங்கோ எண்டுங்கோ."

செபமாலைமுத்து வாய் ஓயாத மனிதர். அந்த வாய்க்கு இப்படியொரு உத்தியோகம் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. செயலியையும் பெனிற்றா திருத்தினாள்: ஆளின் பெயரை விட்டு, விருந்து நடக்கிற மண்டபத்தையும் நேரத்தையும் வைத்துப் பதிவு. அடுத்த வாரமே நிரூபன் போன் எடுத்தபோது திரை சிவந்தது. "அது முதலே இருக்குத் தம்பி. உம்மட மனிசி சொல்லிப்போட்டா!" என்று செபமாலைமுத்து சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது.

முதல் நன்மை ஞாயிறு வந்தது. கேட்ட பெட்டிகள் எல்லாம் வான் வண்டியில் ஏறின. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரட்டிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் கோயிலின் முன்வரிசைக்கு வந்து அமர்ந்தார் பிலோமினம்மா. ஜெஸ்ரின் திரும்பிப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பெனிற்றாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால், வாசலில் வாடிக்கையாளர் யோகலிங்கத்தின் மனைவி காத்து நின்றாள். பிலோமினம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வாற சனிக்கு ரோல்ஸ்..."

பெனிற்றா சட்டென்று மச்சாளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரேயொரு "ஓம்" போதும், எல்லாம் பழையபடி.

பிலோமினம்மா ஜெஸ்ரினைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அவரிட்டச் சொல்லும் பிள்ளை. இண்டைக்கு நான் ஞானத்தாய்."